வேகத்தடையில் ‘லொடக்’னு சத்தம்: காரின் லோயர் ஆர்மை எப்போது, எப்படி மாற்ற வேண்டும்?

சென்னையிலிருந்து மதுரை தாண்டும் வரை கார் வாயைத் திறக்காது. நான்குவழிச் சாலையை விட்டிறங்கி மல்லாங்கிணறு பக்கம் திரும்பி, முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இடது முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு ‘லொடக்’. அடுத்த வேகத்தடையில் இன்னொன்று. வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்சீட்டில் இருக்கும் அம்மாவே கேட்டுவிடுவார்: “என்னப்பா, வண்டியில ஏதோ கழண்டு ஆடுற மாதிரி இருக்கே?”

மறுநாள் விருதுநகரில் தெரிந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனால், மெக்கானிக் அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் முடிப்பார். “லோயர் ஆர்ம் போச்சு தம்பி. ரெண்டு பக்கமும் மாத்திரணும்.” சென்னையிலோ பெங்களூருவிலோ கம்பெனி சர்வீஸுக்குப் போனால் அதே விஷயம் பத்து வரி எஸ்டிமேட்டாக வாட்ஸ்அப்பில் வரும். இரண்டு இடத்திலும் நமக்கு எழும் சந்தேகம் ஒன்றுதான்: நிஜமாவே மாத்தணுமா, இல்ல நம்ம தலையில கட்டுறாங்களா?

சில நேரம் மாற்றத் தேவையே இருக்காது. சில நேரம் அன்றைக்கே மாற்றியாக வேண்டும்; ஊருக்குத் திரும்பக்கூட அந்த வண்டியை எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் நாமே தெரிந்துகொள்ளலாம். அதற்கு, எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

லோயர் ஆர்ம் என்பது என்ன?

நம் கை மாதிரியேதான். தோள் பக்கம் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். மணிக்கட்டுப் பக்கம் சக்கரத்தைப் பிடித்திருக்கும். முன்சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் போகக் கூடாது, வெளியே விலகக் கூடாது. அந்த வேலைதான் இந்தக் கைக்கு. கம்பெனி பில்லில் ‘கண்ட்ரோல் ஆர்ம்’ என்று இருக்கும். பட்டறையில் ‘லோயர் ஆர்ம்’, இன்னும் சுருக்கமாக ‘ஆர்ம்’.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய, நடுத்தர கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்துவிட்டு 1947-இல் ஃபோர்டுக்கு மாறிய ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் அது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இருந்த அமைப்பில் மேல் கையை எடுத்துவிட்டு, ஷாக் அப்சர்பரையே அந்த இடத்தில் நிற்க வைத்தார். இடம் மிச்சம், இரும்பு மிச்சம், விலை மிச்சம். 1983-இல் வந்த மாருதி 800-இன் முன்பக்கத்திலும் இதுதான். ஆனால் மேல் கை போனதால் கீழே மிச்சமிருக்கும் ஒற்றைக் கையின் பொறுப்பு கூடிவிட்டது. நீங்கள் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி இழுபடாமல் பிடிப்பதும் அதுதான். வளைவில் சக்கரத்தின் அடிப்பகுதி விலகாமல் பிடிப்பதும் அதுதான்.

ஆர்ம் என்பது வெறும் இரும்புத் தகடு. அது தானாகத் தேய்வதில்லை. தேய்வது அதன் மூட்டுகள். காரின் உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு ரப்பர் புஷ்; சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு பால் ஜாயிண்ட். ஆக மொத்தம் மூன்று மூட்டு. ‘ஆர்ம் போச்சு’ என்று மெக்கானிக் சொன்னால், நம் அடுத்த கேள்வி “மூணுல எதுண்ணே?” என்பதாக இருக்க வேண்டும். விலை, அவசரம் எல்லாமே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அம்பாசடர் காலத்தில் இந்த மூட்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் அடிப்பார்கள். பிரஷர் கன்னோடு ஒரு பையன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பது அன்றைய பட்டறைகளின் வழக்கமான காட்சி. இன்றைய கார்களில் பால் ஜாயிண்ட் சீல் செய்தே வருகிறது, கிரீஸ் அடிக்க வழியில்லை. பராமரிப்பு இல்லை என்பது சந்தோஷம்தான். தேய்ந்தால் தேய்ந்ததுதான் என்பது அதன் மறுபக்கம்.

கரிசல் மண்ணும் வேகத்தடையும்

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரம் என்றதும் பலருக்கும் கி.ரா.வின் கரிசல் நினைவுக்கு வரும். ரோடு போடும் இன்ஜினீயருக்கு அந்த மண் வேறு மாதிரி நினைவுக்கு வரும். கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே போட்ட தார் ரோடும் கூடவே ஏறி இறங்கும். அடித்தளத்தைச் சரியாகக் கெட்டிப்படுத்தாமல் போட்ட ரோடு என்றால், பார்க்க நன்றாகவே இருக்கும். ஓட்டினால் அலை அலையாகத் தூக்கிப் போடும். அதற்கு மேல் சிமெண்ட் ஆலைக்கும் பட்டாசு குடோனுக்கும் போய்வரும் லாரிகள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசி பக்கம் போனவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும்.

வேகத்தடை கதை தனி. இந்திய சாலை காங்கிரஸின் 1988 வழிகாட்டுதல்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏற்ற வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அதாவது கிட்டத்தட்ட ஒரு காரின் நீளத்துக்குச் சமமான, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மேடு. நம் தெருக்களில் இருப்பது அப்படியா? ஊர்க்காரர்களே சிமெண்ட் குழைத்துப் போட்ட, ஒரு அடி அகலமுள்ள குட்டிச் சுவர்கள். அதில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அடி நேராகப் போவது புஷ்ஷுக்கு.

அதனால் ‘எத்தனை கிலோமீட்டரில் ஆர்ம் மாற்றணும்?’ என்ற கேள்விக்கு உறுதியான எண் கிடையாது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் போகும். உள்ளூர் ரோட்டிலேயே ஓடும் அதே மாடல் அதில் பாதிக்குள் சத்தம் போட ஆரம்பிக்கலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதோடு, வண்டி எந்த ஊரில் ஓடியது என்றும் கேட்க வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

காருக்கு அடியில் வரும் எல்லாச் சத்தத்துக்கும் ஆர்ம் காரணமில்லை. சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது ‘கடகட’வென்று மெல்லிய சத்தம் தொடர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது லிங்க் ராடு. ஆர்மை விட விலை குறைவு, மாற்றவும் கொஞ்ச நேரம்தான். வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் தெறிப்பது போல ‘டங்’ என்றால் ஷாக் அப்சர்பரின் மேல் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நேராக ஆர்மை மாற்றி, பணத்தைக் கொடுத்து, வண்டியை எடுத்து, அடுத்த வேகத்தடையில் அதே சத்தத்தைக் கேட்டவர்கள் நிறைய பேர்.

ஆர்மின் புஷ் போனதற்கு வேறு அடையாளம் உண்டு. ஆளில்லாத இடத்தில் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவாக முன்னே போய் பிரேக் அடியுங்கள். பிறகு ரிவர்ஸில் வந்து பிரேக் அடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒற்றை ‘லொடக்’ வந்தால், ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்வது, நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பது எல்லாம் இதன் கூடவே வரும். நிறைய பேர் இந்தக் கட்டத்தில் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போவார்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், மறுபடியும் இழுக்கும், மறுபடியும் அலைன்மென்ட். புஷ் ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மென்ட் பார்ப்பது, காற்றில் ஆடும் தென்னை ஓலையில் கோடு போடுவது மாதிரி.

இப்போது பட்டறையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மெக்கானிக் ஒரு கடப்பாரைக் கம்பியை உள்ளே விட்டு நெம்பி, “பாருங்க, எப்படி ஆடுதுன்னு” என்று காட்டுவார். ஆடத்தான் செய்யும், அது ரப்பர். புது ஆர்மை நெம்பினாலும் கொஞ்சம் ஆடும். பார்க்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, கிழிசலை. மேலே மெல்லிய வெடிப்புக் கோடுகள் மட்டும் இருந்தால் அது வயதின் சுருக்கம். உடனே மாற்ற வேண்டியதில்லை. நெம்பும்போது ரப்பர் வாய் பிளந்து உள்ளே இருட்டுத் தெரிந்தாலோ, நடுவில் இருக்க வேண்டிய இரும்புக் குழல் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தாலோ, இரும்பும் இரும்பும் முட்டினாலோ அந்த புஷ் முடிந்துவிட்டது. சில கார்களில் பின்புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அதிலிருந்து எண்ணெய் மாதிரி வழிந்த கறை தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

தள்ளிப்போடக் கூடாதது

புஷ் போனால் வண்டி தொந்தரவு செய்யும், டயரைத் தின்னும். ஆனாலும் சில நாள் அவகாசம் கொடுக்கும். பால் ஜாயிண்ட் விஷயத்தில் அந்த அவகாசத்தை நம்ப முடியாது.

ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. குண்டு வெளியே வராதபடி கிண்ணத்தின் விளிம்பை மடக்கியிருப்பார்கள். சக்கரத்தின் அடிப்பகுதியை ஆர்மோடு பிடித்திருப்பது இவ்வளவுதான். மேலே ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும்; கரிசல் புழுதியும் சேறும் உள்ளே போகும். பிறகு அது அரவை மிஷின்தான். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால், சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடிக்க எதுவுமில்லை. சக்கரம் கோணிக்கொள்ளும், டிரைவ் ஷாஃப்ட் கழன்று வரலாம், ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. இது வீட்டு வாசலில் நடக்குமா, வேகமாகப் போகும்போது நடக்குமா என்பது நம் கையில் இல்லை.

சோதிப்பது எளிது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும். உள்ளே வெளியே அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒன்று பால் ஜாயிண்ட், இல்லையென்றால் வீல் பேரிங். இன்னொருவர் அசைக்கும்போது மெக்கானிக் மூட்டைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 9 மணி, 3 மணி நிலையில் ஆடினால் அது பெரும்பாலும் டை ராட் எண்ட், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டது. பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். உறை மட்டும் கிழிந்து, ஆட்டம் இல்லையென்றால் அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஸ்பேனர் வேலையைப் பட்டறைக்கு விடுவதே நல்லது.

வளைந்த ஆர்மை நிமிர்த்தலாமா?

பெரிய பள்ளத்தில் விழுந்தோ, நடுத்திட்டில் ஏறியோ ஆர்ம் வளைந்துவிடுவது உண்டு. ‘சூடு காட்டி நிமிர்த்திடலாம், விரிசல் இருந்தா ஒரு வெல்டு வச்சா போதும்’ என்று சொல்பவர்களும் உண்டு. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; உங்கள் செலவைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காரணத்துக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2018 ஜூலையில் ஃபோர்டு இந்தியா, சென்னை ஆலையில் 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான 4,379 எக்கோஸ்போர்ட் கார்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. சிக்கல் முன்பக்க லோயர் ஆர்மில்; குறிப்பாக அதன் வெல்டிங்கில். பற்றவைப்பு போதுமான உறுதியோடு இல்லாமல் இருக்கலாம், அது ஸ்டீயரிங் கட்டுப்பாட்டைப் பாதிக்கலாம் என்பதுதான் நிறுவனம் சொன்ன காரணம். மெஷின்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு கட்டத்திலும் தரம் பார்க்கும் ஒரு ஆலையிலிருந்து வந்த வெல்டையே ‘எதற்கும் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம்’ என்று நாலாயிரத்துச் சொச்சம் பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ரோட்டோரத்தில் வைக்கிற வெல்டுக்கு யார் சோதனை போடப்போகிறார்கள்? ஆர்முக்கு அழுத்திய இரும்புத் தகட்டின் பலம் அதன் வார்ப்பிலும் பதத்திலும் இருக்கிறது. சூடு காட்டினால் அந்தப் பதம் போய்விடும். விலை உயர்ந்த கார்களில் வரும் அலுமினிய ஆர்மை நிமிர்த்தும் பேச்சுக்கே இடமில்லை. அது விரிசல் விட்டுவிடும்.

ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் எக்கோஸ்போர்ட்டுகள் இன்னும் பழைய கார் சந்தையில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2017 மாடல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஃபோர்டு சர்வீஸ் சென்டரில் அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வேறு கம்பெனி கார் என்றாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். 2018-இல் இப்படித் திரும்ப அழைப்பது கம்பெனிகளின் விருப்பமாக இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் போதுமான எண்ணிக்கையில் பாதுகாப்புப் புகார்கள் சேர்ந்தால், திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரே மாடலில் ஒரே மூட்டு எல்லோருக்கும் சீக்கிரம் போகிறது என்று தெரிந்தால், குரூப்பில் புலம்புவதோடு நிறுத்தாமல் முறையாகப் புகாரும் கொடுப்பது அதனால்தான் முக்கியம்.

கடைசி போல்ட்டை எப்போது இறுக்குவது?

மாற்றும் வேலை பெரிய வித்தை இல்லை. வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பால் ஜாயிண்ட்டைப் பிரித்து, புஷ் போல்ட்டுகளை எடுத்தால் ஆர்ம் கையில் வந்துவிடும். துருப்பிடித்த போல்ட் மக்கர் பண்ணாவிட்டால் கை தேர்ந்தவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பழைய ஜாயிண்ட்டைப் பிரிக்கும்போது சக்கர ஹப்பை வெளியே ரொம்ப இழுத்துவிடக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு கழன்றால் வேறொரு செலவு ஆரம்பிக்கும். ஏபிஎஸ் சென்சார் ஒயரும் அங்கேதான் இருக்கும்.

புது ஆர்ம் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதற்குப் பிறகு வரும் ஒரு நிமிடம். புஷ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழல் காரின் உடம்போடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இப்போது வண்டி லிஃப்ட்டில் தொங்குகிறது. சக்கரமும் ஆர்மும் கீழே தொங்குகின்றன. அந்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், ரப்பருக்கு அதுதான் ‘ஓய்வு நிலை’. வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு அதற்கு ஓய்வே கிடையாது. நின்றாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. துணியை முறுக்கிப் பிழிந்த நிலையிலேயே கொடியில் போட்டு வைத்த மாதிரி. சில மாதங்களில் கிழிந்துவிடும். ‘புது ஆர்ம் போட்டு ஒரு வருஷம்கூட ஆகல, மறுபடியும் சத்தம், டூப்ளிகேட் பார்ட்டைப் போட்டுட்டாங்க’ என்று திட்டு வாங்கும் ஆர்ம்களில் பல, நல்ல பார்ட்டாகவே இருந்திருக்கும்.

சரியான முறை இது: எல்லா போல்ட்டையும் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை முன்பக்கத்தை அழுத்தி விட்டு, காரின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும்போது புஷ் போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், டார்க் ரெஞ்ச் இருக்க வேண்டும். சில கார்களில் பின்புஷ்ஷின் போல்ட் மேலிருந்து கீழாக நிற்கும். அங்கே இந்த முறுக்குச் சிக்கல் வராது. பால் ஜாயிண்ட் நட்டுக்கும் இந்த விதி இல்லை, அதைத் தூக்கிய நிலையிலேயே இறுக்கலாம். தானாக லாக் ஆகும் நட்டு என்றால் பழையதைத் திரும்பப் போடாமல் புதிது போடச் சொல்லுங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்ப் பட்டறைக்கு ஒரு அனுகூலம் உண்டு. நகரத்து சர்வீஸ் சென்டர்களில் நாம் அதிகம் பார்க்கும் இரண்டு தூண் லிஃப்ட், காரை உடம்பில் பிடித்துத் தூக்கும். சக்கரம் எப்போதும் தொங்கும். ஊர்ப் பட்டறையில் இருப்பது தரையில் வெட்டிய குழி. கார் தன் நான்கு கால்களில் நின்றிருக்க, மெக்கானிக் குழிக்குள் இறங்கி நின்று அடியிலிருந்து இறுக்கலாம். புஷ் போல்ட்டுக்கு அதைவிடச் சரியான இடம் இல்லை. எந்த இடமாக இருந்தாலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “அண்ணே, புஷ் போல்ட்டை மட்டும் வண்டியைக் கீழ இறக்கின பிறகு டைட் பண்ணிக்கலாம்.” நல்ல மெக்கானிக் சிரித்துவிட்டு “அது தெரியாதா தம்பி” என்பார். சந்தோஷமாக வாங்கிக்கொள்ள வேண்டிய திட்டு அது.

புஷ் மட்டுமா, முழு ஆர்மா?

பல மாடல்களுக்கு புஷ் தனியாகக் கிடைக்கும். பால் ஜாயிண்ட் நன்றாக இருந்து, புஷ் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுவது நியாயமான சிக்கனம். ஆனால் பட்டறையில் பிரஸ் மிஷின் இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புஷ்ஷின் வளையம் நசுங்கும், ஆர்மின் துளையும் கெடும். புஷ்ஷில் அம்புக்குறியோ வெட்டோ இருந்தால் அது எந்தத் திசையில் உட்கார வேண்டும் என்பதும் முக்கியம். வண்டிக்கு வயதாகி, பால் ஜாயிண்ட்டும் ஆர்மோடு சேர்ந்தே வரும் வகையென்றால், முழு ஆர்மையே மாற்றுவதுதான் என் கணக்கில் லாபம். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஜாயிண்ட்டுக்காக அதே கூலியை இன்னொரு முறை கொடுப்போம்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏமாற்று இல்லை, எப்போதும் கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் பள்ளத்தில் விழுந்து வளைந்ததென்றால் அந்தப் பக்கம் போதும். ஓடித் தேய்ந்தது என்றால், இரண்டும் ஒரே ரோட்டில் ஒரே தூரம் ஓடியவை. அலைன்மென்ட் செலவு எப்படியும் ஒருமுறை உண்டு. அதை இரண்டு முறை கொடுப்பானேன்?

சிறிய கார்களுக்கு ஆர்ம் விலை சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சொகுசு கார்களுக்கு அது பத்தாயிரங்களில் ஏறும். கம்பெனி கவுன்ட்டரில் வாங்கலாம். கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் பிராண்டுகளையும் வாங்கலாம். சஸ்பென்ஷன் பால் ஜாயிண்ட் செய்யும் ரானே மெட்ராஸ் மாதிரி தமிழ்நாட்டு நிறுவனங்களே இருக்கின்றன. பெட்டியில் பெயரே இல்லாத ஆர்மை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாலியூரித்தேன் புஷ் போடுங்கள் என்று யூடியூப் சொல்லும். கெட்டியாக இருக்கும், நீண்ட நாள் வரும், ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் உள்ளே கொண்டுவரும். அப்பா அம்மாவை உட்காரவைத்து ஓட்டும் வண்டிக்கு அது தேவையில்லை.

இன்சூரன்ஸ் கிடைக்குமா? ஓடித் தேய்ந்ததற்குக் கிடைக்காது. விபத்தில் வளைந்ததென்றால் விரிவான காப்பீட்டில் கேட்கலாம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஜீரோ டெப் எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. அதற்கு, விழுந்த அன்றைக்கே போட்டோ எடுத்துத் தெரிவித்திருக்க வேண்டும்.

புது ஆர்ம் போட்ட பிறகு ஒரு பழக்கத்தை நிறுத்த வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடித்து, துருப்பிடிக்காமல் இருக்க அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடுவார்கள். வண்டி பளபளவென்று இருக்கும். ரெண்டு நாள் கீச்சுச் சத்தமும் நின்றுவிடும். ஆனால் இயற்கை ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. ஊறி, உப்பி, மெத்தென்று ஆகிக் கிழியும். “அடியில தண்ணி மட்டும் போதும்ணே” என்று சொல்லிவிடுங்கள்.

பில் கொடுக்கும்போது கழற்றிய பழைய ஆர்மைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பால் ஜாயிண்ட்டின் தண்டைப் பிடித்து ஆட்டினால் அது கிண்ணத்துக்குள் லொடலொடவென்று ஆடுகிறதா, விரலால் சுலபமாகச் சாய்கிறதா? புஷ்ஷின் நடுக்குழல் ஓரமாகப் போயிருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தால் செலவு சரிதான். இரண்டுமே இல்லாமல் ரப்பர் கெட்டியாக, ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால், சத்தம் வேறெங்கோ இருக்கிறது. வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்பே லிங்க் ராடைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடித்த ஆர்மைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் ஒரு டீ, வடைக்குத் தேறும்.